மாட்டுக்குத் தெரியாது இது ரோட்டு எண்டு: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு தம்பிக்குப் பதில் எழுதக்குள்ள கட்டாக்காலி மாடுகளப் பத்தி போற போக்கில ரெண்டு வரி எழுதினன், அதுக்குப் பிறகு வந்த கடிதங்கள எடுத்துப் பார்த்தா பாதிக்கு மேல அதே கதைதான், மாடு, ஆடு, நாய், யானை எண்டு. சரி, இந்த மாசம் வேற ஒண்டும் வேணாம், முழுக்க இதையே கதைப்பம். நான் மட்டக்களப்பு பொத்துவில் ரோட்டில 30 வருஷத்துக்குக் கிட்ட பஸ் ஓடின ஆள், படிச்சத விட ரோட்டில கண்டதுதான் கூட.

கேள்வி: ஐயா, கார்த்திகை மாசம் ராவு 9 மணி போல நானும் கூட்டாளியும் செங்கலடியில இருந்து ஊருக்கு பைக்கில வந்தம். மழை தூறிக்கொண்டு இருந்திச்சு. எதிர்ல வந்த லொறி லைட்ட டிம் பண்ணாமலே போச்சு, அது போன கையோட பார்த்தா முன்னுக்கு ஒரு எருமை படுத்திருக்கு. ஹோன் அடிச்சன், எழும்பல்ல, போய் அடிச்சுட்டம். கூட்டாளிக்குத் தோள் எலும்பு முறிஞ்சு போச்சு. இந்த மாடுகள் ஏன் நடுரோட்டில வந்து படுக்குது? நாங்க என்ன செய்திருக்கணும்? (சித்தாண்டி வாசகர்)

பதில்: தம்பி, முதல்ல கூட்டாளி சுகமாகி வரட்டும். ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறீங்க, அது பெரிய விசயம், ஏனெண்டா எருமையில மோதினது கிட்டத்தட்ட மதில்ல மோதின மாதிரித்தான்.

ஏன் படுக்குது எண்டு கேட்டீங்க. மாட்டுட பக்கத்தில நிண்டு யோசிச்சுப் பாருங்க. மாரியில வயல் முழுக்கத் தண்ணி, மாடு அடைக்கிற காலையும் சேறும் சகதியுமா கிடக்கு, காஞ்ச மேட்டு நிலம் எண்டு மிஞ்சுறது தார் ரோட்டு மட்டும்தான். பகல்ல கொஞ்சம் வெயில் எறிச்சிருந்தாலும் அந்தச் சூடு ராவானாப் பிறகும் தாருக்குள்ள இருக்கும், காத்தும் அடிக்கும், நுளம்புக்கடியும் இலையான் தொல்லையும் குறைவு. பெரும்போகம் விதைச்சாப் பிறகு வயலுக்குள்ள மாட்ட விடவும் ஏலாது, அப்ப பட்டி பட்டியா ரோட்டுக் கரைக்குத்தான் வரும். வந்து படுத்து இரை மீட்டுக்கொண்டு கிடக்கும். அதுக்கு இது ரோட்டு எண்டு தெரியாது, மெத்தை மாதிரி ஒரு இடம், அவ்வளவுதான்.

ஹோன் அடிச்சும் ஏன் எழும்பல்ல? படுத்திருக்கிற மாடு எழும்புறத ஒருக்கா கவனிச்சுப் பாருங்க. முன்னங்கால மடிச்சு முழங்கால்ல நிண்டுகொண்டு பின்பக்கத்தத்தான் முதல்ல தூக்கும், மறுகா ஒரு முன்னங்கால ஊண்டும், பிறகு மத்தது. அதுவும் வெருண்டு எழும்பினாத்தான் ரெண்டு மூணு செக்கன்ல முடியும். நீங்க 60இல வந்தா ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போறீங்க, மூணு செக்கனுக்கு 50 மீட்டர். அது எழும்பி முடியக்குள்ள நீங்க அதுக்கு மேல. எழும்பினாலும் எந்தப் பக்கம் கிறுகும் எண்டு அதுக்கே தெரியாது. ஹோனை நம்பி ஓடாதீங்க, பிரேக்கை நம்பி ஓடுங்க.

இப்ப லைட் கணக்கு. லோ பீம்ல ஒழுங்கா விளங்குறது ஒரு 40, 50 மீட்டர் தூரம், பைக் லைட் பழசெண்டா அதுவும் இல்ல. 60இல வாறவர் கண்டு, மூளைக்குப் போய், பிரேக்குக்கு கால் போகவே ஒரு செக்கன், அதில 17 மீட்டர் போச்சு, பிறகு பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் 20 மீட்டர் அளவில வேணும், மொத்தம் 37. அதுவும் தார் காஞ்சிருந்து டயர் நல்லா இருந்தாத்தான். 80இல வந்தா 57 மீட்டருக்குக் குறையாது, அதாவது லைட்டுக்கு அங்கால. கண்டாப் பிறகு நிப்பாட்டவே ஏலாது, நீங்க எவ்வளவு கெட்டிக்கார டிரைவரா இருந்தாலும். 40இல வந்தா 20 மீட்டரில நிப்பாட்டலாம். மழைக்கு இதெல்லாத்தையும் இன்னும் கூட்டிக்கொள்ளுங்க. ஊருக்குள்ள சட்டம் 50 எண்டுது, வெளியில பைக்குக்கும் காருக்கும் 70 எண்டுது, ஆனா மழை ராவில சித்தாண்டி, கிரான் பக்கம் 40க்கு மேல போக வேணாம் எண்டு நான் கெஞ்சிக் கேப்பன்.

அடுத்தது அந்த லொறி. டிம் பண்ணாதது அவர்ட பிழை, அதில மறுபேச்சு இல்ல. ஆனா எதிர் லைட் கண்ணக் குத்தக்குள்ள அந்த வெளிச்சத்துக்குப் பின்னுக்கு இருக்கிறது முழு இருட்டு, அந்த இருட்டுக்குள்ளதான் எருமை படுத்திருந்தது. லொறி கிட்ட வரக்குள்ளயே எக்ஸிலேட்டரை விட்டிரணும், லைட்டைப் பார்க்காம இடது பக்கக் கரையப் பார்த்துக்கொண்டு வரணும், லொறி கடந்து கண்ணு பழகின பிறகுதான் திரும்ப வேகம். வெள்ளை மாடு தூரத்திலயே தெரியும். எருமை ஈரத்தாரில தாரோட தார். முகத்த நம்மட பக்கம் வெச்சிருந்தா கண்ணு ரெண்டும் பச்சையா மின்னும், முதுகக் காட்டிப் படுத்திருந்தா அதுவும் இல்ல.

இன்னொண்டு, குறுக்கால நடந்து போற மாட்டுக்கு முன்னுக்கால வெட்டிப் போகவே வேணாம். மாடு முன்னுக்குத்தான் போகும், பின்னுக்கு வாறது குறைவு, அதால வேகத்தக் குறைச்சு வால் பக்கத்தால போங்க. தாய் கடந்தா கண்டுக்குட்டி பின்னால ஓடி வரும், ஒண்டக் கண்டா இன்னொண்டு இருக்கு எண்டே நினைங்க. ஹேண்டில வெட்டித் திருப்பாதீங்க, அப்பிடித் திருப்பி மரத்திலயும் எதிர் வாகனத்திலயும் போய் அடிச்ச ஆக்கள நான் கண்ணால கண்டிருக்கன். நேரா வெச்சு ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்க, மாட்டில பட்டாலும் வேகம் குறைஞ்சு பட்டா அதுவும் தப்பும், நீங்களும் தப்புவீங்க.

கேள்வி: அண்ணே, என்ட வீட்டுக்காரர் பட்டா எண்ட சின்ன லொறியில மரக்கறி ஏத்த மொனராகலைக்கு லாகுகலையால போய் வாறவர். விடியச்சாமம் போனா யானை நிக்குதாம். ஒருக்கா ஹோன் அடிச்சு வெரட்டினாராம், அதப் பெரிய வீரமா வந்து சொல்றார். எனக்கு அவர் வந்து சேருமட்டும் நித்திரையே இல்ல. நீங்க எழுதினா கேப்பார். (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: தங்கச்சி, இத அவர்ட கையில குடுங்க, அவருக்குத்தான் எழுதுறன்.

தம்பி, அண்டைக்கு அந்த யானை விலகினது நீங்க ஹோன் அடிச்சதால இல்ல, அதுக்கு அண்டைக்கு விலக மனம் இருந்திச்சு. நான் லாகுகலையில ஒரு பொழுதுபடுற நேரம் பஸ்ஸோட போய் இறுகினவன். ஒரு தனியன், ரோட்டுக்கு நடுவில. 100 மீட்டருக்கு இங்காலயே நிப்பாட்டிட்டன். முதல்ல காத விசிறிக்கொண்டு நிண்டுது, காத விசிறினா பயமில்ல, அது உடம்பக் குளிராக்குது. அப்ப பின்சீட்டில ஒரு பெடியன் போனைத் தூக்கிக்கொண்டு புட்போர்ட்டுக்கு வந்தான், படியில சத்தம். அந்தச் சத்தத்துக்கு யானை அப்பிடியே நிண்டிட்டுது. காது ரெண்டும் விரிஞ்சு அசையாம நிண்டுது, வாலும் தூக்கினபடி, தும்பிக்கை உள்ளுக்குச் சுருட்டினபடி. கண்டக்டர் அவன்ட சேட்டுக் கொலரில பிடிச்சு உள்ளுக்கு இழுத்தார். பஸ்ஸுக்குள்ள பச்சைப்பிள்ளை கூட அழல்ல. எவ்வளவு நேரம் எண்டு தெரியாது, எனக்கு ஒரு வருஷம் மாதிரி. மறுகா காது மெல்ல அசைஞ்சுது, பத்தைக்குள்ள இறங்கிட்டுது. எல்லாரும் போவம் போவம் எண்டாங்க, நான் எடுக்கல்ல. எடுத்திருந்தா பின்னால அதே இடத்தால வந்த இன்னொரு யானையில அடிச்சிருப்பன்.

அந்த அடையாளத்த மனப்பாடம் பண்ணுங்க: காது விரிஞ்சு நிண்டா, வால் எழும்பினா, கோபம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில இருந்து கறுப்பா நீர் வழிஞ்சா மதம், அந்த யானைக்குக் கிட்டவும் போக வேணாம். ஹோன் அடிக்க வேணாம், ஹை பீம் போட வேணாம், எஞ்சினை ரேஸ் பண்ண வேணாம். எஞ்சினை நிப்பாட்டவும் வேணாம், ரிவர்ஸ் போட வழி இருக்கோணும். யானை பார்க்க மெதுவா இருந்தாலும் ஓடத் தொடங்கினா மணிக்கு 25 கிலோமீட்டர் வரும், நீங்க இறங்கி ஓடித் தப்ப ஏலாது. கூட்டத்துக்கு நடுவுக்குள்ள வாகனத்த விடாதீங்க, தாய் ஒரு பக்கமும் குட்டி மத்தப் பக்கமும் நிண்டா அதுதான் ஆகக் கூடின ஆபத்து. பைக்கில போறவங்க கண்ட உடனே தூரத்திலயே பைக்கைக் கிறுக்கி வெச்சுக்கொண்டு பாருங்க. யானை நேரம் பொழுதுபட்டதில இருந்து விடியுமட்டும்தான், ஏலுமெண்டா வெளிச்சம் வந்தாப் பிறகு அக்கரைப்பற்றில இருந்து வெளிக்கிடுங்க, மரக்கறி ஒரு மணித்தியாலம் பிந்தினா அழுகாது. லாகுகலைக் குளத்துக்குள்ள உயரமா வளர்ற புல்லுக்கும் தண்ணிக்கும் கோடையில யானை கூடி வரும், அந்த மாசங்கள்ல இன்னும் கவனம். உங்கட பாதையில மட்டுமில்ல, பொத்துவில்ல இருந்து பாணமைப் பக்கமும் இதே கதைதான்.

இத நான் கோபத்தோடதான் எழுதுறன்: யானைக்கு வாகனத்தில இருந்து வாழைப்பழம், வத்தகப்பழம் எறியாதீங்க. புத்தல கதிர்காமம் ரோட்டில யானை வாகனத்த மறிச்சு நிண்டு சாப்பாடு கேக்கிற அளவுக்கு வந்தது அப்பிடி எறிஞ்ச கையளாலதான். நீங்க குடுத்திட்டுப் போயிருவீங்க, குடுக்காம வாற அடுத்த ஆளின்ட கண்ணாடிக்குள்ளதான் தும்பிக்கை வரும். பிறகு அது கெட்ட யானை எண்டு பேர் வாங்கும். சாப்பாடு கட்டின பொலித்தீனையும் எறிய வேணாம், அம்பாறைக்குக் கிட்ட பள்ளக்காட்டுக் குப்பையில பிளாஸ்டிக் திண்டு யானைகள் செத்தது 2022இல உலகம் முழுக்க செய்தியாப் போனது நம்மட பக்கத்துக்கு எவ்வளவு வெக்கம்.

யானை காயப்பட்டுக் கிடந்தாலோ ரோட்டை விட்டு விலகாம நிண்டாலோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 எண்டு அடிங்க, பொலிஸுக்கு 119. நம்பரை வீட்டுக்காரர்ட போனில நீங்களே அடிச்சு வெச்சிருங்க தங்கச்சி.

கேள்வி: ராவில நாயொண்டு குறுக்கால பாய்ஞ்சு என்ட ஆட்டோவில அடிபட்டிட்டுது. பின்னுக்கு ஹயர் ஆக்கள் இருந்தாங்க, அவசரம் எண்டாங்க, நிப்பாட்டாம போயிட்டன். திரும்பி வரக்குள்ள அது செத்துக் கிடந்தது. ரெண்டு கிழமையா மனசு சரியில்ல. நாய்க்கெல்லாமா இப்பிடி எண்டு கூட்டாளிமார் சிரிக்கிறாங்க. (ஏறாவூர் வாசகர்)

பதில்: மனசு சரியில்லாம இருக்கிறது நல்ல மனுசன் எண்டதாலதான் தம்பி. சிரிக்கிறவங்கள விடுங்க. நீங்க நிப்பாட்டியிருக்கோணும், அத உங்களுக்கே தெரியும், நான் திரும்பச் சொல்லிக் குத்தல்ல. அடுத்த முறைக்கு மட்டும் சொல்றன்.

முதல்ல ஆட்டோவ கரைக்கு எடுத்து ரெண்டு சிக்னலையும் போடுங்க, நடுரோட்டில நிப்பாட்டிப்போட்டு இறங்கினா பின்னால வாறவர் உங்களயும் அடிச்சிட்டுப் போவார். நாய்க்குக் கிட்டப் போகக்குள்ள கவனம், நோவில இருக்கிற நாய் வளர்த்த ஆளையே கடிக்கும். சாக்கோ பழைய சாரமோ இருந்தா தலைக்கு மேல மெல்லப் போட்டு மூடினா கொஞ்சம் அடங்கும், அதே சாக்கில உருட்டி ஏத்தி ரெண்டு பேர் தூக்கிக் கரையில கிடத்துங்க. தண்ணி வாய்க்குள்ள ஊத்த வேணாம், புரையேறும். கிட்ட இருக்கிற வீட்டுக் கதவத் தட்டுங்க, ஆருட நாய் எண்டு அவங்களுக்குத் தெரியும், சொந்தக்காரர் வந்து ஏசினாலும் கேட்டுக்கொள்ளுங்க, அவர்ட பிள்ளை மாதிரி வளர்த்த சீவன். கால்நடை வைத்தியர்ட கந்தோர் திறந்திருந்தா அங்க கொண்டு போங்க. கடி பட்டிட்டுதெண்டா சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் காயத்தக் கழுவிட்டு அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போகோணும், விசர்நாய் ஊசி விசயத்தில நாளைக்குப் பார்ப்பம் எண்ட கதையே இல்ல.

மாடு, ஆடு எண்டா கிட்டடிப் பொலிஸில போய் என்ரி போடுங்க. வாகனத்துக்குச் சேதம் எண்டா இன்சூரன்ஸுக்கு அந்த இடத்திலயே போன் பண்ணுங்க, ஆனா தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா உங்கட வாகனத்துக்கு ஒண்டும் கிடைக்காது, புல் இன்சூரன்ஸ் எண்டாத்தான்.

கேள்வி: எல்லாரும் மாட்டுக்காரனத்தான் ஏசுறீங்க. எங்களுக்கு 60 மாடு இருக்கு. வயல் விதைச்சா மாட்ட எங்க கொண்டு போறது? மேய்ச்சல் தரைய விட்டாத்தானே. (படுவான்கரை வாசகர்)

பதில்: உங்கட கேள்வி ஞாயமான கேள்வி. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக பண்ணையாளர்கள் 2023இல சித்தாண்டியில குந்தியிருந்து போராட்டம் தொடங்கினத நாம எல்லாரும் கண்டம். தலைமுறை தலைமுறையா மேஞ்ச தரையில பட்டி நிக்க ஏலாமப் போனா அந்த மாடு ரோட்டுக்குத்தான் வரும், அத வெறும் சொந்தக்காரன்ட கவனயீனம் எண்டு சொல்றவங்களுக்குப் பட்டி வளர்க்கிற கஸ்டம் விளங்காது. பிரதேச சபை பிடிச்சுக் கட்டித் தண்டம் அடிக்கிறதால மட்டும் இது தீராது எண்டுதான் நானும் நினைக்கிறன்.

ஆனா அண்ணே, பொழுதுபட்டா கறவை மாட்டை மட்டும் கட்டிட்டு நாம்பனையும் பால் வத்தினதையும் தன்பாட்டில விடுற பழக்கமும் நம்மட்ட இருக்கு. உங்கட மாடு செத்தா உங்களுக்கு நட்டம், அதில மோதின பெடியன் செத்தா அது எப்பிடி முடியும். ஒரு காரியம் செய்யலாம், பெரிய செலவில்ல: லொறிப் பின்பக்கம் ஒட்டுற மின்னுற ஸ்டிக்கர் ரோல் இருக்குதானே, அத அகலமான பட்டியில தைச்சுக் கழுத்தில கட்டுங்க, கொம்பிலயும் சுத்தலாம். முக்கியமா எருமைக்கு. பட்டியச் சாய்ச்சு ரோட்டைக் கடத்தக்குள்ள முன்னுக்கு ஒராள் பின்னுக்கு ஒராள், வளைவில இல்லாம நேர் ரோட்டில, வெளிச்சத்தில. இருட்டிப் போச்செண்டா ரெண்டு பேர்ட கையிலயும் டோர்ச். வாகனக்காரருக்கும் சொல்றன், பட்டி கடக்கக்குள்ள பீப் பீப் எண்டு அடிச்சுக்கொண்டு நடுவால பூராதீங்க, வெருண்டா 60 மாடும் 60 பக்கம்.

கேள்வி: விடியக் காலமை 5 மணிக்கு ஸ்கூட்டியில வேலைக்குப் போறன். ஒழுங்கையில நாலு நாய் கலைக்குது. கால உதறினா இன்னும் கூடக் கலைக்குது. (காரைதீவு வாசகி)

பதில்: கால உதற வேணாம் மகள், முறுக்கவும் வேணாம், ஓடுறதக் கலைக்கிறது நாயிட பிறவிக் குணம். கிட்ட வரக்குள்ள வேகத்தக் குறைச்சு ஒரே சீரா போங்க, கண்ணுக்கு நேர பார்க்காம ரோட்டைப் பாருங்க. அப்பவும் விடாட்டி நிப்பாட்டி ஸ்கூட்டிய நடுவில வெச்சுக்கொண்டு இறங்கி நில்லுங்க, நிண்டாலே பெரும்பாலும் நாயும் நிண்டிரும். நாயால கடிபட்டவங்கள விட, நாய்க்குப் பயந்து முறுக்கி விழுந்தவங்களத்தான் நான் கூடக் கண்டிருக்கன்.

கேள்வி: கோச்சியில (ரயிலில) அடிபட்டு யானை சாகுதே, டிரைவர்மார் பிரேக் போட மாட்டாங்களா? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: 2025 பெப்ரவரி 20ஆம் திகதிய நினைச்சுக் கேக்கிறீங்க எண்டு விளங்குது. நம்மட மட்டக்களப்பில இருந்து கொழும்புக்குப் போன மீனகயா எண்ட கோச்சி, ஹபரணைப் பக்கத்துக் காட்டுக்குள்ள யானைக் கூட்டத்தில அடிச்சு 6 யானை செத்துது, கோச்சி தடம் புரண்டுது, பயணிகளுக்குக் காயமில்ல. அந்தப் படத்தப் பார்த்த அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல. பிரேக் போட்டாலும் அவ்வளவு பாரத்தோட வாற கோச்சி நிக்க நூத்துக்கணக்கான மீட்டர் வேணும், இருட்டில யானை லைட்டுக்குள்ள வாறதுக்கு அவ்வளவு தூரம் கிடைக்காது. குட்டி தண்டவாளத்தில நிண்டா மத்த யானையளும் விட்டிட்டுப் போகாது. அதால அந்தத் துண்டுகள்ல ராவில வேகத்தக் குறைச்சு ஓடுறதத் தவிர சுறுக்கா செய்யக்கூடிய வேற வழி இல்ல. கோச்சி பிந்தினா முணுமுணுக்காம இருக்கிறது நம்மட பங்கு, சோத்துப் பார்சலை ஜன்னலால எறியாம இருக்கிறதும்.

கேள்வி: நான் 8ஆம் வகுப்புப் படிக்கிறன். அப்பாவோட பைக்கில போகக்குள்ள ரோட்டில முதுகில நட்சத்திரம் மாதிரிக் கோடு போட்ட ஆமை ஒண்டு போச்சு. நிப்பாட்டச் சொன்னன், அப்பா நேரமில்ல எண்டிட்டார். தூக்கி விட்டா பாவமா? (தம்பிலுவில் மாணவி)

பதில்: மகள், தூக்கி விடலாம். ரெண்டு கையாலயும் ஓட்டிட ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு நிலத்தோட ஒட்டித் தாழ்த்தித் தூக்கோணும், உயரத் தூக்கினா பயத்தில மூத்திரம் பெய்யும், கோடையில அதுக்கு உடம்பில இருக்கிற தண்ணியே அதுதான். முகம் பார்த்த பக்கமே கொண்டு போய் விடுங்க. வந்த பக்கத்தில விட்டா திரும்பவும் ரோட்டுக்கு ஏறும். வீட்டுக்கு மட்டும் கொண்டு போகக் கூடாது, அது சட்டம் காக்கிற சீவன். அப்பாட்ட சொல்லுங்க, ஒரு நிமிஷம்தான் எடுக்கும், பைக்கை நல்லாக் கரைக்கு எடுத்து நிப்பாட்டட்டும், ரெண்டு பக்கமும் பார்த்துட்டு அவரே இறங்கித் தூக்கட்டும், நீங்க கரையில நிண்டு எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்க.